பழனியில் ஒரு டெலிகாஸ்டர்: வாங்குவதா, கட்டுவதா?

1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. மரவேலைப் பரம்பரையும் இல்லை. அவர் 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிட்டாரைப் பார்த்தாலே இது புரியும். வளைவு நெளிவு இல்லாத தட்டைப் பலகை உடல், மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை போக ஒரு பக்கம் மட்டும் விட்ட வெட்டு, நான்கு திருகாணிகளால் இறுக்கிய கழுத்து. எது கெட்டாலும் கழற்றி மாற்றிவிடலாம். ரேடியோக் கடைக்காரரின் யோசனை அது. முதலில் எஸ்குயர் என்றும், இரண்டு பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வைத்ததும் பிராட்காஸ்டர் என்றும் பெயர் வைத்தார்கள். கிரெட்ச் நிறுவனம் தன் டிரம்களுக்கு அதே போன்ற பெயர் இருப்பதாக ஆட்சேபித்ததால் 1951இல் டெலிகாஸ்டர் ஆயிற்று. எழுபத்தைந்து ஆண்டுகளில் அதன் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய மாறவே இல்லை.

அந்தக் கிட்டாரை விரும்புகிறவர் பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ நெய்க்காரப்பட்டியிலோ இருந்தால் என்ன செய்வது? கடையில் வாங்குவதா, மரம் அறுத்துக் கட்டுவதா? திருவிழா மெல்லிசை மேடைகளிலும் தேவாலயப் பாடல் குழுக்களிலும் கிட்டார் வாசிக்கும் இளைஞர்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. அமெரிக்கத் தயாரிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படும், ஃபெண்டரின் மலிவு வகையான ஸ்குவையர் கைக்கு எட்டும் விலைதான், ஆனால் தட்டிப் பார்த்து வாங்கக் கோவைக்கோ மதுரைக்கோ போக வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகத்து மின்கிட்டார்களில் ஒரு சிறு நகரத்துப் பட்டறைகளை வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கட்ட முடிகிற கிட்டார் இது ஒன்றுதான். ஆனால் கழுத்தை மட்டும் கட்டக் கூடாது, வாங்க வேண்டும்.

இதன் ஒலிக்கு ஆங்கிலத்தில் ட்வாங் என்று பெயர். தந்தியைத் தட்டிய கணத்தில் எழும் கூர்மையான ணங், பின்னாலேயே சற்று மூக்கடைத்த மாதிரி நீளும் நாதம். ஜானி கேஷின் பாடல்களுக்குப் பின்னால் லூதர் பெர்கின்ஸ் எஸ்குயரில் வாசித்தது இதைத்தான். ஜேம்ஸ் பர்ட்டனும் ஸ்டீவ் க்ராப்பரும் டெலிகாஸ்டரில் வாசித்ததும் இதைத்தான். நம் ஊரில் குதிரையும் தொப்பியுமாக வரும் கௌபாய் படங்களின் பின்னணி இசை வழியாக இந்த ஒலி காதுக்குப் பழகியிருக்கும். 2010இல் வந்த சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ அந்த வகைப் படங்களையே விளையாட்டாக எடுத்துக்கொண்ட படம்.

இந்த ஒலி வரக் காரணங்கள் தெளிவானவை. தந்தி, உடலின் மேல் அதைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகே குறைவாகவே அசைகிறது. அங்கே அடிப்படைச் சுரத்தின் பலம் குறைந்து, மேல்சுரங்கள் தூக்கலாகக் கேட்கும். டெலிகாஸ்டரின் பின் பிக்அப் அந்த இடத்தில், மெல்லிய தந்திகளின் பக்கம் பிரிட்ஜை இன்னும் நெருங்கும்படி சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்குவது ஒரு இரும்புத் தகடு. பிக்அப்பின் அடியிலும் செம்பு முலாம் பூசிய இன்னொரு இரும்புத் தகடு ஒட்டியிருக்கும். இரண்டும் காந்தப் புலத்தில் கலந்துகொள்கின்றன. தந்தியின் நீளம், கழுத்தின் நுனியில் இருக்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். கிப்சன் வகைகளில் இது சுமார் 628தான். அதே தந்தியை அதே சுருதிக்கு முறுக்கினால் இங்கே இழுவிசை கூடுதல். தந்திகள் உடலைத் துளைத்துப் பின்பக்கத்திலிருந்து வருகின்றன. பிரிட்ஜ் அசையாதது.

இந்தப் பட்டியலில் மரம் எங்கே என்று கேட்கலாம். கிட்டார் வட்டாரங்களில் ஓயாத சண்டை இது. ஃபெண்டர் தொடக்கத்தில் பைன் மரத்தில் மாதிரிகள் செய்து, ஆஷ் மரத்துக்கு மாறினார். 1956 வாக்கில் ஆல்டர் வந்தது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் அது டெலிகாஸ்டரே அல்ல என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. 2021இல் நாஷ்வில் கிட்டார் கலைஞர் ஜிம் லில் ஒரு சோதனையைப் படமாக்கி வெளியிட்டார். ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் உடலும் கழுத்தும் இல்லாமல் இரண்டு மேசைகளுக்கு நடுவே தந்திகளை இழுத்துக் கட்டி, அதே பிக்அப்பை அதே தூரத்தில் வைத்து வாசித்தார். அதிலும் டெலிகாஸ்டர்தான் கேட்டது. அது ஆய்வகச் சோதனை அல்ல. ஆனால் பாரிஸில் ஆர்த்தர் பாட்டேவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒலியியல் அளவீடுகளோடு கூடியது. தந்தியின் நாதம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பதில், விரல் அழுத்தும் இடத்தில் கழுத்து எவ்வளவு அதிர்கிறது என்பதற்குப் பெரிய பங்கு என்று அது காட்டியது. சில ஃப்ரெட்டுகளில் மட்டும் சுரம் சட்டென்று செத்துப்போவதற்குக் காரணம் கழுத்தின் அதிர்வு. ஜெர்மனியின் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990களிலேயே இதை அளந்து சொன்னவர்.

ஆக, உடல் மரத்தைப் பற்றிய கவலையை ஒலியிலிருந்து எடுத்து எடையின் மேல் வைப்பதே சரி. டெலிகாஸ்டர் உடல் 45 மில்லிமீட்டர் கனம். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். தண்ணீரில் பாதி எடையுள்ள மரம் என்றால் உடல் 2 கிலோ. கழுத்தும் இரும்புச் சாமான்களும் சேர்ந்து இன்னும் ஒன்றரைக் கிலோ வரும். மொத்தம் மூன்றரைக்குள் நின்றால் மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள் வலிக்காது.

நம் பக்கத்தில் அறுவை மில்லுக்குப் போனால் முதலில் காட்டுவது தேக்கு. உறுதியான மரம், நெளியாது, கரையான் தொடாது. உடல் மட்டும் 2.6 கிலோவை ஒட்டி வரும். எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் இரண்டு பலகைகளை ஒட்டும் முன் ஒட்டும் முகத்தைத் தின்னரில் துடைக்க வேண்டும். பலா இதைவிடச் சற்று இலேசானது. தஞ்சாவூர் வீணை பலாவில்தான் ஆகிறது (2013இல் புவிசார் குறியீடு பெற்ற வீணை), மிருதங்கமும் பலாவில்தான். வாத்தியத்துக்குப் பலா என்ற நம்பிக்கை நம் தச்சர்களிடம் ஊறிப்போனது. மஞ்சள் நிறம் காலத்தில் பழுத்துத் தேன் நிறமாவதும் அழகு. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆஸ்திரேலியாவைப் பிறப்பிடமாகக் கொண்ட அந்த மரத்தில் அங்கே கிட்டார் செய்கிறார்கள். ஆரவாக்கில் (குவார்ட்டர் சா) அறுத்தால் மீன் செதில் போன்ற பளபளப்பு தெரியும். பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் போகிற மரம். நன்றாக உலர்த்தினால் டெலிகாஸ்டர் உடலுக்கு நான் முதலில் கைவைப்பது இதில்தான். மலைவேம்பு இன்னும் இலேசு, விவசாயிகள் ஏக்கர் கணக்கில் நடுகிறார்கள். மென்மையான மரம் என்பதால் திருகாணித் துளைகள் தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈட்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள், உலகம் முழுக்க கிட்டார்களின் ஃபிங்கர்போர்டாகப் போயிருக்கிறது. 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் பீட்டில்ஸ் மொட்டைமாடியில் வாசித்தபோது ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்தது முழுக்க ரோஸ்வுட்டில் செய்த டெலிகாஸ்டர். அந்த ஆசையில் ஈட்டியில் உடல் செய்யப் புறப்படுகிறவர்களை நான் தடுப்பேன். உடலே 3 கிலோவைத் தாண்டும். ஃபெண்டர் நிறுவனமே அந்த மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு உள்ளே குடைந்து எடையைக் குறைக்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், ஈட்டி அருகி வரும் மரம். 2017இல் அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ஒரு ஃபிங்கர்போர்டுக்கு 6 மில்லிமீட்டர் கனப் பட்டை போதும். அதற்கு மேல் அந்த மரத்தைக் கேட்பது நியாயம் இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். மிசிசிப்பி வெள்ளமும் ஆஷ் மரத்தைத் தின்னும் வண்டும் சேர்ந்து, 2020இல் ஃபெண்டர் பெரும்பாலான மாடல்களில் ஸ்வாம்ப் ஆஷை நிறுத்திவிட்டது.

எந்த மரமானாலும் உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தை அறுத்து மூன்று மாதத்தில் கிட்டார் செய்தால் சித்திரை வெயிலில் அது வாய் திறக்கும். இடித்த வீடுகளின் பழைய தேக்கு உத்தரங்கள் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. ஐம்பது, அறுபது வருடம் நின்று உலர்ந்த மரம். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு ரூட்டரை வைக்கலாம்.

உடல் வெட்டுவது இன்று பெரிய வேலை இல்லை. வாசல் கதவுகளிலும் பூஜை அறைக் கதவுகளிலும் பிள்ளையாரும் மயிலும் செதுக்கித் தரும் சி.என்.சி. பட்டறைகள் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. டெலிகாஸ்டர் வரைபடத்தைக் கொடுத்தால் வெளிவடிவத்தையும் பிக்அப் குழிகளையும் அந்த இயந்திரம் வெட்டித் தரும். கழுத்து உட்காரும் குழியில்தான் கவனம் வேண்டும். அகலம் 56 மில்லிமீட்டர், ஆழம் 16. நம் ஆசாரிகள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து அளப்பார்கள். கதவு நிலைக்கு ஒரு நூல் விட்டால் ஒன்றும் ஆகாது. இங்கே ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டர், கிட்டார் கெட்டுவிடும். குழியை வரைபட அளவுக்கு வெட்டாமல், வாங்கிய கழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் அளவுக்கு அரை மில்லிமீட்டர் குறைவாக வெட்டச் சொல்லி, மீதியை உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துவது நல்லது. திருகாணி போடும் முன் கழுத்தைக் குழியில் அழுத்தி, கழுத்தைப் பிடித்துக் கிட்டாரைத் தூக்கினால் உடல் கூடவே வர வேண்டும். பிறகு நட்டின் இரு ஓரங்களிலிருந்தும் பிரிட்ஜ் வரை நூல் பிடித்து, இரண்டு நூலும் கழுத்தின் விளிம்புக்குச் சமதூரத்தில் போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் பிரிட்ஜுக்குத் துளை போட வேண்டும். முதலில் பிரிட்ஜைத் துளையிட்டுவிட்டுப் பிறகு கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சமாளிப்பவர்களின் கிட்டாரில் முதல் தந்தி ஃபிங்கர்போர்டிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும்.

கழுத்தை ஏன் வாங்கச் சொல்கிறேன்? 10 முதல் 46 வரையிலான தந்திக் கட்டு முழுச் சுருதியில் கழுத்தை 46 கிலோ அளவுக்கு இழுக்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு ட்ரஸ் ராடு அந்த இழுப்புக்கு எதிராக நின்று, கழுத்தை மயிரிழை வளைவில் வைக்க வேண்டும். ஃப்ரெட் இடைவெளிக் கணக்கு கடினம் அல்ல: மீதி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் தூரம். 648க்கு முதல் ஃப்ரெட் 36.37 மில்லிமீட்டரில் விழும், பன்னிரண்டாவது சரியாக 324இல். கணக்கு வந்துவிடும், கைதான் வராது. 21 வெட்டுகளும் நேராக, ஒரே ஆழத்தில் விழ வேண்டும், ஃப்ரெட் கம்பிகளை அடித்துச் சமப்படுத்தி, முனைகளைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அதில் தேர்ந்தவர்கள் இந்தியாவில் மிகக் குறைவு. புதுச்சேரி அருகே ஆரோவில்லில் கிட்டார் கட்டும் எரிசா நியோகி போன்றவர்கள் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தவர்கள். நல்ல மேப்பிள் கழுத்து ஒன்றை, நிறம் அடரும்வரை அடுப்பில் வாட்டிய வகை கிடைத்தால் இன்னும் நல்லது, வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வாட்டிய மேப்பிள் ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. ஐப்பசி மழைக்கும் பங்குனி வறட்சிக்கும் நடுவே நம் ஊரில் கழுத்து படும் பாட்டை அது குறைக்கும். சாதாரணக் கழுத்துகளில் வறண்ட மாதங்களில் மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். கடையில் வாங்கும்போதும் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பது அதனால்தான் முதல் சோதனை.

கழுத்தில் இன்னொரு முடிவு இருக்கிறது, நம் இசைக்காரர்களுக்கு அது மிக முக்கியம். பழைய டெலிகாஸ்டரின் ஃபிங்கர்போர்டு குறுக்குவாட்டில் 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்திருக்கும். கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அது அடுத்த ஃப்ரெட்டின் மேட்டில் பட்டுச் சுரம் அணைந்துவிடும். கமகம் வாசிக்கிறவருக்கு இது பெரிய தடை. ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா கர்நாடக இசையை மின்கிட்டாரில் கொண்டுவந்தபோது தந்தியை இழுப்பதும் வழுக்குவதுமே அதன் உயிர் என்று காட்டியவர். மோகனத்தின் காந்தாரத்தையோ தோடியின் அசைவையோ கேட்கிறவர்கள் 9.5 அங்குலம் அல்லது 12 அங்குல ஆரம் உள்ள கழுத்தையும் சற்று உயரமான ஃப்ரெட்டையும் தேடட்டும். டெலிகாஸ்டரின் அசையாத பிரிட்ஜ் இங்கே பெரிய வரம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியை இழுத்தால் மற்ற ஐந்தும் சுருதி இறங்கும். இதில் ஸட்ஜமத் தந்தியைச் சுருதிக்கு விட்டுவிட்டுப் பக்கத்துத் தந்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். கர்நாடக இசைக்கு எந்த மின்கிட்டார் என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

பிரிட்ஜ் என்றதும் எனக்குத் திண்டுக்கல் நினைவுக்கு வரும். பழனியிலிருந்து 60 கிலோமீட்டர் தூரத்தில், நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் தலைமுறை தலைமுறையாகப் பூட்டு செய்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில்; அலிகர் பூட்டோடும் இயந்திரப் பூட்டோடும் போட்டி போட முடியாமல் தேய்ந்துவருகிறது. டெலிகாஸ்டரின் பழைய பிரிட்ஜில் மூன்று பித்தளை உருளைகள்தான் தந்திகளைத் தாங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தந்தி. இரண்டு தந்திக்கு ஒரே உருளை என்பதால் சுருதி இரண்டிலும் ஒருசேரச் சரியாக நிற்காது. உருளையைச் சாய்வாகத் துளைத்துச் செய்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். மாங்காய்ப் பூட்டின் உள்ளே அரத்தால் ராவி, சாவிக்கு ஏற்றபடி நெம்புகோல்களைப் பொருத்தும் கை, எட்டு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை அளவாக வெட்டிச் சாய்வுத் துளை போடுவதை அரை நாளில் முடிக்கும். ஆறு தனித் தாங்கிகள் உள்ள புது பிரிட்ஜ் சுருதிக்கு இன்னும் துல்லியம்தான். பித்தளை உருளையில் கிடைக்கும் அந்த மணியோசை எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

பிக்அப்பைச் சுற்றுவதையும் உள்ளூரில் முயலலாம். கொங்கு வட்டாரமெங்கும் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் இருக்கின்றன, செம்புக் கம்பியும் வார்னிஷும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிக்அப் கம்பி 0.063 மில்லிமீட்டர், தலைமுடியளவு மெல்லியது. எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போக வேண்டும், நடுவில் ஒரு முறை அறுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். சுற்றி முடித்த காயிலை நான்கு பங்கு பாரஃபினும் ஒரு பங்கு தேன்மெழுகும் உருக்கிய கலவையில், 65 பாகை சூட்டில், காற்றுக்குமிழ் நிற்கும்வரை முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆம்பைக் கொஞ்சம் ஏற்றியதும் பிக்அப் கீச்சிடும். மீதி மின்வேலை சுலபம்: 250 கிலோ ஓம் வால்யூம் ஒன்று, டோன் ஒன்று, மூன்று நிலை சுவிட்ச், 0.047 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். பொட்டென்ஷியோமீட்டரை லாக் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். லீனியர் வகையில் வால்யூம் ஒரே இடத்தில் சட்டென்று இறங்கிவிடும்.

ஒற்றைக் காயில் பிக்அப்பின் பெரிய குறை இரைச்சல். திருவிழா மேடை அதற்கு மிக மோசமான இடம். ஜெனரேட்டர், சீரியல் செட், விளக்குகளின் டிம்மர், எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் அது பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும். குழிகளின் உள்ளே செம்புத் தாள் ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்தால் ஓரளவு அடங்கும். பல புதிய மாடல்களில் இரண்டு பிக்அப்பும் சேர்ந்து ஒலிக்கும் நடு நிலையில் உறுமல் அறவே நின்றுவிடும், பாட்டுக்குப் பின்னணியாக வாசிக்கும்போது அங்கே வைத்துக்கொள்ளலாம். எர்த் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டெலிகாஸ்டரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. மைக் ஒரு லைனிலும் ஆம்ப் இன்னொரு லைனிலும் இருந்து, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், தந்தியில் கைவைத்தபடி மைக்கில் உதடு படும் பாடகர் மின்சாரத்துக்கு நடுவே நிற்கிறார். மேடையில் எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்புப் பலகை, அதற்கு முன்னால் ஒரு இ.எல்.சி.பி. என்று வைத்துக்கொள்ளாமல் வாசிக்கவே கூடாது.

ட்வாங் கிட்டாரில் பாதிதான், மீதி ஸ்பீக்கரில் இருக்கிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தானாகவே வெட்டிவிடும். மெல்லிசைக் குழுக்களில் கிட்டாரை நேரே மிக்சரில் செருகிவிடுகிறார்கள். அப்போது பின் பிக்அப் தகரத்தைச் சுரண்டுவது போல ஒலித்து, டெலிகாஸ்டர் மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது. மல்டி எஃபெக்ட் பெட்டியில் கேபினட் சிமுலேஷனைப் போட்டுவிட்டு, சிறிது ஸ்பிரிங் ரிவெர்ப் சேர்த்தால் அதே கிட்டார் வேறு கிட்டார் ஆகும்.

கட்டப் பொறுமை இல்லாதவர்கள் கடைக்குப் போகும்போது மூன்று நான்கு கிட்டார்களை வரிசையாக எடுத்து வாசிக்க வேண்டும். ஒரே மாடலிலேயே கழுத்துக்குக் கழுத்து வித்தியாசம் இருக்கும். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி நாதம் செத்துப்போகும் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அங்கேயே விரல் தொட்டு எழுப்பிய ஹார்மானிக்கும் ஒத்துப்போகின்றனவா என்று ட்யூனரில் பார்த்தால் போதும். பிக்அப்பையும் சுவிட்சையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். 1842இல் தொடங்கி, இன்று சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடையானாலும், கோவையின் புதுக் கடையானாலும் இந்தச் சோதனைக்கு மறுப்புச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கட்டியவர்களுக்குக் கடைசி வேலை வர்ணம். ஃபெண்டரின் புகழ்பெற்ற சிவப்பும் நீலமும் டூபான்ட் நிறுவனத்தின் கார் வர்ணங்கள், அவற்றில் ஒரு வகை ட்யூகோ. நம் ஊர் கார், லாரி பட்டறைகளில் இன்றைக்கும் டூகோ என்றால் தெரியும். கதவுக்கு மெலமைனும் பி.யு.வும் அடிக்கிறவர்களிடம் என்.சி. லாக்கரும் இருக்கும். மெல்லிய பூச்சாகப் பல தடவை அடித்து, கழுத்துக் குழியில் மட்டும் பூச்சு படாமல் காகிதம் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். அங்கே மரமும் மரமும் நேராகத் தொட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடித்தால் காற்றின் ஈரம் பட்டு லாக்கர் வெள்ளை பூத்துவிடும். தை பிறந்ததும் அடித்து ஒரு மாதம் காயவிட்டால், பங்குனி உத்திரத்துக்கு முன்னால் தந்தி கட்டிவிடலாம்.